அடிக்கோடு

பத்து மாவுங் மீன்துறைக்குப் பின்னால்
ஐஸ் கம்பெனியில் பதினோரு வருஷம்
எனக்கு இரவு ஷிப்ட்.
இரவில்தான் கரண்டு மலிவு.
ஊர் படுத்தால் கம்ப்ரசர்கள் எழும்,
அவை எழுந்தால் நானும்.
விடியலில் எங்கள் பிளாட் வாசலில்
கமலவேணி செருப்பு மாட்டுவாள்,
நான் கழற்றுவேன்.
"சோறு இருக்கு" என்பாள்.
பாயான் லெப்பாஸ் பேக்டரி பஸ் ஹாரன் அடிக்கும்.
இல்லறம் என்பது
நிமிடக் கணக்கில் நாலு.

அப்போதெல்லாம் கட்டளை ஒன்றுதான்:
மாதத்தின் எந்த அரைமணியிலும்
முள் கோட்டைத் தாண்டக் கூடாது.
ஒருமுறை தாண்டியது.
மாதம் முழுக்க ஒழுங்காய் இருந்ததை
அந்த அரைமணி தின்றுவிட்டது.
பில்லை என் முகத்துக்கு நேரே
விசிறி போல ஆட்டினார் முதலாளி கூ.
குறை, அணை, அடக்கு.
மின்சாரம் எங்களிடம் பேசியது
இந்த மூன்று சொல்தான்.

பிறகு கூரைகள் மாறின.
சிப் ஆலைகளின் முதுகெல்லாம் கறுப்புக் கண்ணாடி.
பன்னிரண்டு மணி வெயில்
போக இடமில்லாமல் கம்பியில் முட்டிக்கொள்வதாக
ஒரு பெண் வந்து சொன்னாள்.
ஹஸ்லினா.
மின்வாரியத்துக்கும் எங்களுக்கும் நடுவில்
பேரம் பேசும் புதுக் கம்பெனி அவளுடையது.
"அபாங், நீங்கள் வைத்திருப்பது ஐஸ் இல்லை,
சேமித்த மத்தியானம்" என்றாள்.
முந்நூறு கட்டி மத்தியானத்தை
அண்ணாந்து பார்த்தேன்.
ஒன்றுக்குள் கரப்பான் ஒன்று
கால் விரித்து உறைந்திருந்தது.

இப்போது எனக்குப் பகல் ஷிப்ட்.
பத்தரைக்குப் போன் சிணுங்கும்: ஏற்று.
யாரும் என்னை இதுவரை
அதிகம் எரி என்று கேட்டதில்லை.
முதல் நாள் கை நடுங்கியது.
மாலை ஏழுக்கு,
ஊரெல்லாம் ஏர்கோனையும் ரைஸ் குக்கரையும்
ஒன்றாய்த் தட்டும் நேரம்,
இன்னொரு சிணுங்கல்: நிறுத்து.
நிறுத்தினால் காசு.
எரிக்காத யூனிட்டுக்கு விலை.

இல்லாததை எதைக்கொண்டு அளப்பது?
அடிக்கோடு என்கிறாள் ஹஸ்லினா.
கடந்த பத்து நாள் இதே நேரம்
எவ்வளவு இழுத்தீர்களோ, அது.
நாங்கள் கூப்பிடாவிட்டால்
இன்றும் அவ்வளவே இழுத்திருப்பீர்கள்.
கழித்துப் பார்த்தால் மிச்சம் உங்களுக்கு.

கேட்டதும் கூவின் கண் சுருங்கியது.
பத்து நாள், மாலையில்
வேண்டுமென்றே ஓட்டச் சொன்னார்,
கோடு உயரட்டும் என்று.
ஓட்டினேன்.
வாங்க ஆளில்லாத ஐஸ்
மீன்துறைச் சாக்கடையில் புகைந்து கரைந்தது.
பூனைகள் நக்கிப் பார்த்துத் தும்மின.
மூன்றாம் நாள் நானே நிறுத்திவிட்டேன்.
நேர்மை என்று சொல்ல முடியாது.
வழுக்கி விழுந்த படகுக்காரன் ஒருவன்
என் அம்மாவை இழுத்துத் திட்டினான்,
அவ்வளவுதான்.

நேற்று ஏழு மணி.
கடைசி கம்ப்ரசரும் இறங்கியதும்
காதுக்குள் ஒரு பள்ளம்.
தூரத்தில் பாலம்,
விளக்கு விளக்காய்த் தீவை விட்டுப் போகிறது.
அதில் ஒரு விளக்கு
நான் நிறுத்தியதால் எரிவது.
எது என்று ஹஸ்லினாவுக்கும் தெரியாது.

வீட்டில் எனக்கு முன்னால் வந்திருந்தாள் கமலவேணி.
நாலு நிமிடத்துக்குப் பழகிய வாய்கள்.
"சோறு இருக்கு" என்றாள்.
பிறகு இருவருக்கும் எழுந்து போக
எந்த வேலையும் இல்லை.
பதினோரு வருஷம் நான் இல்லாத சாயங்காலங்களை
எந்தப் பத்து நாளிலிருந்து கழிப்பது?
கேட்கவில்லை.
வேர்வையைத் துடைத்து
ஏர்கோன் ரிமோட்டை எடுத்தாள்.
"ஒன்பது வரைக்கும் பொறு,
இது எல்லாரும் இழுக்கிற நேரம்" என்றேன்.
"ஒங்க மொதலாளிக்குக் காசு குடுக்குறாங்க.
எனக்கு யாரு குடுக்குறா?"
தட்டினாள்.
பீப்.